கடலில் நீந்துகிறவருக்கு மலை ஏரி லேசா?

மே 28, காலை (உப்புவெளித் தம்பியின் கேள்வி)

ஜூலையில் அக்காவிடம் சுவிஸ் போகிறேன். அக்கா வீடு தூன் நகரில். அங்கிருந்து ஓஷினன் ஏரிக்கு ஒரு பகலில் போய் வரலாமாம். படத்தில் பார்த்தால் சுற்றிவர மலை, நடுவில் அலையே இல்லாத பச்சைத் தண்ணீர். நான் திருகோணமலைப் பக்கம் உப்புவெளிக் கடலில் தினமும் விடியற்காலை நீந்துகிறவன். அலை, நீரோட்டம், சொறிமீன் எல்லாம் பழகிய விஷயம். இந்தக் கரையில் இறங்கி எதிர்க்கரையில் ஏறலாம் என்று ஆசை. அக்காதான் பயப்படுகிறா. அலை இல்லாத ஏரி கடலை விட லேசுதானே? அங்கே நீந்தியவர்கள் சொல்லுங்கள்.

மே 28, இரவு

தம்பி, லேசு இல்லை. நான் சில வருடம் பெர்னில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். இப்போது திருகோணமலை டச்சு பே (Dutch Bay) கடலில் நீந்துகிறேன். இரண்டு தண்ணீரும் தெரியும் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உப்புவெளிக் கடல் வருடம் முழுக்க 27 பாகை செல்சியஸுக்கும் 30 பாகைக்கும் இடையில் இருக்கும். ஓஷினன் ஏரி 1,578 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே உள்ள பனியாறுகள் உருகி வருகிற ஓடைகள்தான் அதற்குத் தண்ணீர். நல்ல வெயிலில் மேல்தண்ணீர் கொஞ்சம் சூடேறும், அதற்குக் கீழே கால் வைத்தால் தெரியும் சங்கதி.

இப்போதைக்கு ஒன்று சொல்கிறேன்: குறுக்கே போக வேண்டாம். கரையோரமாக, கால் எட்டும் ஆழத்தில், கரையில் ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க, சில நிமிடம் நீந்துங்கள். காரணங்களை நாளைக்கு எழுதுகிறேன்.

மே 29

சரி, முதல் காரணம். முதல் ஒரு நிமிடம்.

15 பாகைக்குக் குறைந்த தண்ணீர் நெஞ்சில் பட்டதும் மூச்சு திடுக்கென்று உள்ளே இழுக்கும். நாமாக இழுப்பதில்லை, அதனால் அடக்கவும் முடியாது. அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான். பிறகு மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். முதல் அரை நிமிடத்தில் இது உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். குளிர்த் தண்ணீரில் மூழ்குகிறவர்களில் பலர் உடம்பு விறைத்துச் சாவதில்லை. அதற்கெல்லாம் வெகு முன்பே, கரைக்குப் பக்கத்திலேயே, இந்த முதல் சில நிமிடத்தில் போய்விடுகிறார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில் அடக்கம்.

கனடாவில் மனித்தோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை மனதில் நிற்கிற மாதிரி மூன்று எண்ணாகச் சொல்லிக் கொடுக்கிறார்: 1, 10, 1. மூச்சைக் கட்டுக்குக் கொண்டுவர 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். குளிரில் நினைவு தப்ப 1 மணி நேரம்.

மே 29, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அந்த 1 மணி நேரத்தை யாரும் கையிருப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மிதவை அங்கி போட்டு முகம் தண்ணீருக்கு வெளியே இருக்கிறவருக்குத்தான் அந்தக் கணக்கு. அங்கி இல்லாதவருக்கு 10 நிமிடத்தோடு கை நின்றுவிடும், அதற்கப்புறம் மிதப்பது எப்படி? மூன்று எண்ணும் உறைநிலையை ஒட்டிய தண்ணீருக்கானவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15, 16 பாகையில் நேரம் கொஞ்சம் நீளும். ஆனால் வரிசை மாறாது: முதலில் மூச்சு, பிறகு கை, கடைசியில்தான் உடம்புச் சூடு.

மே 31

கை எப்படிப் போகும் என்று நிலாவெளி மச்சான் கேட்டிருக்கிறார். இதை நான் என் கையிலேயே பார்த்திருக்கிறேன்.

பிரியென்ஸ் ஏரி. 564 மீட்டர் உயரம்தான், ஆனாலும் சுவிஸின் பெரிய ஏரிகளில் குளிர் கூடினதில் ஒன்று. ஆரே, லூட்ஷினே என்ற இரண்டு ஆறுகளும் பனியாறு அரைத்த கல்மாவைக் கொண்டுவந்து கொட்டுவதால்தான் அந்த வெளிறிய நீலப்பச்சை. எல்லாரும் படம் எடுப்பது அந்த நிறத்தைத்தான். உள்ளே இறங்கினால் அந்த மாவே பார்வையை மறைக்கும், நீட்டிய கை மங்கலாகத் தெரியும். ஆழம் 260 மீட்டர் வரை போகிறது. கரையிலிருந்து கொஞ்சம் நகர்ந்தாலே அடி இல்லை.

கரையோரமாக நீந்திக்கொண்டிருந்தேன். மூச்சு அடங்கிவிட்டது, குளிரும் பழகின மாதிரி இருந்தது, சுகமாகவே இருந்தது. அப்போது இடது கைச் சுண்டுவிரல் மற்ற விரல்களை விட்டு விலகி நிற்பதைக் கண்டேன். சேர்த்து வைக்கப் பார்த்தேன், சேரவில்லை. அடுத்து மோதிரவிரலும் விலகியது. தண்ணீரைத் தள்ளும் கை, பல்லு விழுந்த சீப்பு மாதிரி தண்ணீரை விட ஆரம்பித்தது. வீச்சு குறுகியது, கால் தாழ்ந்தது, உடம்பு படுக்கையிலிருந்து நிமிரத் தொடங்கியது. கரை பக்கத்தில் இருந்ததால் நின்று நடந்து ஏறினேன். பிளாஸ்க் மூடியைத் திறக்க முடியவில்லை. சட்டைப் பொத்தானும் போட முடியவில்லை. கூட வந்தவர்தான் போட்டுவிட்டார்.

இத்தனைக்கும் எனக்கு நடுக்கமே வரவில்லை. தோலும் தசையும் முதலில் குளிர்ந்துவிடும், உள்ளுடம்புச் சூடு அப்போதும் சரியாகவே இருக்கும். அதனால் “எனக்குக் குளிரவில்லை” என்ற உணர்வை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. சுண்டுவிரலைப் பாருங்கள். பெருவிரலால் அதைத் தொட முடியவில்லை என்றால் அந்த இடத்திலேயே கரைக்குத் திரும்புங்கள்.

ஏரியின் குறுக்கே போகிறவருக்கு இது நடு ஏரியில் நடக்கும். என் பயமெல்லாம் இதுதான்.

ஜூன் 2

உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் விஷயத்தை யாரும் எழுதவில்லை. நம்மூர் ஆட்களுக்கு இது முக்கியம்.

கடல் தண்ணீர் நல்ல தண்ணீரை விட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரை வீதம் அடர்த்தி கூடியது. சின்ன எண்தான். ஆனால் மனித உடம்பு மிதப்பதா தாழ்வதா என்ற எல்லையும் அந்த அளவு சின்னதுதான். உப்புவெளியில் மல்லாந்து படுத்தால் சும்மா மிதக்கிறோம். ஏரியில் அதே ஆள் படுத்தால் இடுப்பும் காலும் கீழே போகும், மூச்சை வெளியே விட்டதும் முகம் தாழும். மெலிந்த, தசை கூடின ஆட்கள் இன்னும் தாழ்வார்கள். கடலில் நீந்தியே பழகியவருக்குத் தன் மிதப்பில் பாதி உப்பின் தயவு என்று தெரிவதில்லை.

களைத்தால் மல்லாந்து மிதக்கலாம் என்பதுதான் நம் எல்லாருடைய கடைசி நம்பிக்கை. அதை ஏரியில் கால் எட்டும் இடத்தில் முதல் நாளே சோதித்துப் பாருங்கள். வெட்சூட் (உடம்போடு ஒட்டுகிற ரப்பர் நீச்சல் உடுப்பு) போட்டால் சூட்டோடு மிதப்பும் கிடைக்கும். வாடகைக்குக் கிடைத்தால் விட வேண்டாம்.

ஜூன் 3

கந்தளாய்க் குளத்தில் பழகலாமா என்று கேட்டவருக்கு: நல்ல தண்ணீர் மிதப்பைப் பழக அது சரி என்று தோன்றும். ஆனால் நம் குளங்களில் முதலை இருக்கிறது. துருசு (மதகு) திறந்திருக்கும்போது உள்ளே இழுக்கும் வேகம் மேலே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. வேண்டாம். நகரத்தில் எங்காவது நீச்சல் தடாகம் இருந்தால் போதும்.

ஜூன் 5

காற்று. இதை நம்மூரை வைத்தே விளங்கப்படுத்தலாம்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் உப்புவெளிக் கடல் கரையோரம் அடங்கிக் கிடக்கும். காரணம், காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையில் நிற்கிறவருக்கு அலையே இல்லை. ரப்பர் வளையத்தில் மிதக்கிற பிள்ளை மட்டும் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் போனதும்தான் அலை எழும்பும், திரும்பி வரும்போது அந்த அலை முகத்தில் அடிக்கும். மீன்பிடிக்கிற ஐயாமார் இதற்காகவே சின்னப் பிள்ளைகளைத் துரத்திவிடுவார்கள்.

மலை ஏரியிலும் இதே கதை, வேகம் மட்டும் கூட. ஃபோன் என்று அங்கே ஒரு காற்று, மலையைத் தாண்டி இறங்கும்போது சூடாகிப் பள்ளத்தாக்கு வழியே பாயும். லூட்சர்ன் ஏரியின் ஊரி மாநிலப் பக்கத்துக் கிளைகளில் அது பேர் போனது. கோடைப் பின்னேரங்களில் மலைக்குப் பின்னாலிருந்து இடிமழை வரும். மலை மறைப்பதால், வருவது கடைசி நேரத்தில்தான் தெரியும்.

தூன், பிரியென்ஸ் மாதிரிப் பெரிய ஏரிகளில் கரையில் செம்மஞ்சள் எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் பலத்த காற்று வரலாம், கவனம். 90 தடவை மின்னினால் புயல்காற்று வருகிறது, உடனே கரை ஏற வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தண்ணீருக்குள் இருக்கிறவர் விளக்கைப் பார்க்க மாட்டார், கரையில் நிற்கிற அக்காதான் பார்க்க வேண்டும். நீச்சலைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 6

“வாய்க்கால் மாதிரி இருக்கிற ஏரிக்கு இவ்வளவு பயமா, நம் ஆட்கள் பாக்கு நீரிணையையே நீந்தினவர்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய் அப்படியே திரும்பி 51 மணி நேரம் நீந்தினார். ஆழிக்குமரன் என்று ஊர் சும்மா பட்டம் கொடுக்கவில்லை. அதே மனிதர் 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது இறந்துபோனார். அந்த மரணத்துக்குக் காரணம் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஆகஸ்டிலும் அந்தக் கால்வாய்த் தண்ணீர் 18 பாகையை ஒட்டித்தான் இருக்கும். நம் கடலோடு ஒப்பிட்டால் பத்துப் பாகை குறைவு. இந்த ஒப்பீட்டைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பாக்கு நீரிணையை நீந்திய கை என்பது சூடான தண்ணீரை நீந்திய கை.

சர்வதேசத் திறந்தவெளி நீச்சல் போட்டிகளையே தண்ணீர் 16 பாகைக்குக் குறைந்தால் நடத்துவதில்லை. சுற்றிவரப் படகும் வைத்தியரும் இருக்கிற இடத்தில் அவர்கள் வைத்த எல்லை அது.

ஜூன் 9

தம்பி தனிச்செய்தியில் நல்ல கேள்வி ஒன்று கேட்டார்: திருகோணமலையில் இருந்துகொண்டே குளிருக்குப் பழக வழி உண்டா?

உண்டு, ஒரு பகுதிக்கு. அந்த முதல் மூச்சுத் திணறலைப் பழக்கத்தால் குறைக்கலாம். பிரித்தானியாவில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் குழு செய்த ஆய்வுகளில், மூன்று மூன்று நிமிடமாக ஐந்தாறு தடவை குளிர்நீரில் இறங்கியவர்களுக்கு அந்த அதிர்ச்சி பாதியளவு குறைந்தது. பலன் பல மாதம் நின்றது. மீன் ஐஸ் போடுகிற பெரிய ஃபைபர் பெட்டி ஒன்று, பாதிக்கு மேல் தண்ணீர், ஐஸ் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வெப்பமானி. 15 பாகை போதும், அதற்குக் கீழே இறக்க வேண்டாம். கழுத்து வரை மெதுவாக இறங்கி, மூச்சை நீளமாக வெளியே விட்டபடி இருங்கள். மூன்றாவது நிமிடம் வெளியே. தலையை முக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். பிரஷர், நெஞ்சு வருத்தம், இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

ஜூன் 10

நேற்று எழுதியதைப் பற்றி இரவு முழுக்க யோசனை. பெட்டியில் பழகினால் ஏரியைக் கடக்கலாம் என்று யாராவது எடுத்துக்கொண்டால்? பழக்கம் மூச்சைத்தான் திருத்தும். விரல் விலகுவதை அது தடுக்காது, தசை குளிர்ந்தால் குளிர்ந்ததுதான். முதல் நிமிடத்தைத் தாண்டியவருக்குத் தைரியம் வந்து இன்னும் தூரம் போய்விடுவார் என்பதுதான் எனக்கு இப்போது கவலை. ஆகவே பெட்டியில் பழகியவருக்கும் கரையோரம்தான்.

ஜூன் 10, பின்னேரம்

கல்லிலிருந்து குதிப்பது: கூடாது. கோணேசர் மலைப் பக்கம் கல்லிலிருந்து பாயும் பெடியள் இங்கே வாசிக்கிறார்கள் என்று தெரியும், அதனால் அழுத்தி எழுதுகிறேன். குளிர்த் தண்ணீரில் பாய்ந்தால் திடுக்கிடும் மூச்சு தண்ணீருக்கு அடியில் வரும். அதோடு, குளிர் தோலில் பட்டால் நெஞ்சு வேகமாகத் துடிக்கும், முகம் முங்கினால் மெதுவாகத் துடிக்கும். இரண்டு கட்டளையும் ஒரே நேரத்தில் போனால் இதயத் துடிப்பு தாளம் தப்பலாம், இளவயதுக்காரருக்கும். காலை நனைத்து, கையை நனைத்து, கழுத்தில் தெளித்து, மெதுவாக இறங்குங்கள். வெயிலில் மலை ஏறி வேர்த்த உடம்போடு இறங்க வேண்டாம். சுவிஸ் உயிர்காப்புச் சங்கத்தின் குளியல் விதிகளிலும் இது இருக்கிறது. தெரியாத தண்ணீரில் பாயாதே, நீண்ட தூரம் தனியே நீந்தாதே, காற்றடித்த மெத்தையோடு ஆழத்துக்குப் போகாதே என்பவையும் அதே விதிகள்தான்.

ஜூன் 14

லண்டன் அக்கா கேட்டது: வெளியே வந்ததும் சுடுதண்ணீரில் குளிக்கலாமா?

உடனே வேண்டாம். கரை ஏறிய பிறகும் உள்ளுடம்புச் சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே போகும். பலருக்கு நடுக்கம் தொடங்குவதே பத்து நிமிடம் கழித்துத்தான். அந்த நேரம் சுடுதண்ணீரை ஊற்றினால் தோல் இரத்தக் குழாய்கள் சட்டென்று விரியும், அழுத்தம் இறங்கித் தலை சுற்றி விழலாம். விறைத்த தோலுக்குச் சூடு தெரியாமல் புண்ணும் படலாம். கன்னியா வெந்நீரூற்றில் குளித்துச் சுகம் கண்டவர்களுக்கு இது விளங்கக் கஷ்டம்தான்.

ஈர உடுப்பைக் கழற்று, துடை, முதலில் மேலுடம்பை மூடு, தலைக்குக் கம்பளித் தொப்பி, கால் வெறும் கல்லில் படாமல் ஒரு பாய். இனிப்புக் கூட்டின தேத்தண்ணி. நடுங்கினால் நடுங்கட்டும், உடம்பு தன்னைச் சூடாக்குகிற வழி அது. சாராயம் வேண்டவே வேண்டாம். அது தோலுக்குச் சூட்டைக் கொண்டுவந்து வெளியே விட்டுவிடும். பொத்தான் இல்லாத, தலைவழியாகப் போடுகிற தளர்ந்த உடுப்பு கொண்டுபோங்கள். ஏன் என்று மே 31 குறிப்பில் இருக்கிறது.

ஜூன் 15

ஓஷினன் பற்றி இன்னும் இரண்டு. எதிர்ப்பக்கம் பெரும்பாலும் செங்குத்துப் பாறை, நினைத்த இடத்தில் ஏற முடியாது. மேலே ஸ்பிட்சே ஷ்டை என்ற பாறைச் சரிவு சில வருடமாக நகர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் மூடிவைத்த பகுதிகள் உண்டு. பலகையைப் பார்த்து நடக்க வேண்டும்.

அவசர எண்கள்: அம்புலன்ஸ் 144, மலை மீட்பு ஹெலி 1414. நம்மூர் 1990 அங்கே வேலை செய்யாது. அக்காவின் போனில் பதிந்துவிடுங்கள்.

ஜூன் 15, இரவு

தூன் நகருக்குள் ஆரே ஆற்றில் இறங்குகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். ஏரித் தண்ணீரை மட்டுப்படுத்த அங்கே மதகுகள் இருக்கின்றன. பெர்னில் ஆற்றோடு மிதந்து போகிற சனம் ஏராளம், நானும் போயிருக்கிறேன், அருமையான அனுபவம். ஆனால் ஏறும் படிகளும் சிவப்புக் கைப்பிடிகளும் எங்கே என்று தெரிந்த ஊர்க்காரரோடு மட்டும்தான் போகலாம். கைப்பிடியைத் தவறவிட்டால் ஆறு நிற்காது.

ஜூலை 19

தம்பி தூனிலிருந்து எழுதியிருக்கிறார், வாசித்து மனம் நிறைந்தது. ஓஷினனில் படகு மட்டும் ஓட்டினாராம். பிரியென்ஸ் ஏரியில் பேனிகன் கரையோரமாக ஆறு நிமிடம், செம்மஞ்சள் மிதவையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அக்கா கரையோரம் கூடவே நடக்க. நல்ல தண்ணீர் மிதப்பைப் பற்றி எழுதியது அப்படியே உண்மை என்கிறார்.

அவர் கேட்டதற்குப் பதில்: உடுப்பு மாற்றி உட்கார்ந்த பிறகு பல் கிட்டி நடுக்கம் வந்தது வழமையானதுதான், அரை மணி நேரத்தில் அடங்கியதும் நல்ல அறிகுறி. அக்கா பயப்பட வேண்டியது, நடுக்கம் நின்றும் ஆள் தெளியாமல், பேச்சுக் குழறி, நடை தள்ளாடினால். அப்போது தேத்தண்ணியோடு நிற்காமல் 144ஐக் கூப்பிட வேண்டும். அதேபோல் நீந்தி முடித்தும் இருமல் நிற்காமல் மூச்சு முட்டினாலும், சளியில் இரத்தம் கலந்து வந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

அதே நாளில் இரண்டாவது தடவை இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி, உள்ளே இன்னும் குளிர் இருக்கும், இரண்டாவது தடவை விரல் கெதியாகப் போகும். நாளைக்குக் காலை, காற்று எழும்புவதற்கு முன்பு. காலில் அரிப்பு என்றது வாத்தும் நத்தையும் இருக்கிற வெதுவெதுப்பான ஆழமில்லாத இடங்களில் வருகிற நுண்புழுவால். ஆபத்தில்லை, நீந்தி வந்ததும் துவாயால் அழுத்தித் துடையுங்கள், சொறிய வேண்டாம்.